டொமைன் விற்பனையில் இரகசிய ஷரத்து: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

டொமைன் பெயர்களை வாங்குவோரும் விற்போரும் இடைநின்று தரகு பேசுவோரும் அங்கத்தினராக உள்ள எங்கள் சங்கத்தில், ஒரு பெயர் கைமாறிய பின் அதன் கிரயத்தைப் பகிரங்கப்படுத்துவதா, ஒப்பந்தத்தின் இரகசிய ஷரத்தைக் காட்டி என்றென்றைக்கும் மறைத்து வைப்பதா என்னும் விவாதம் நெடுநாளாக நடந்துவருகிறது. இவ்விஷயத்தில் சங்கத்தின் தீர்க்கமான அபிப்பிராயம் இது: வாங்கியவர் யார் என்பதை மறைக்க அவருக்குப் பூரண உரிமை உண்டு; ஆனால் என்ன விலைக்கு வாங்கினார் என்பதை நிரந்தரமாக மறைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பேரம் நடக்கும் காலத்தில் இரகசியம் அவசியமே. பெரிய கம்பெனி ஒன்று தன் சொந்தப் பெயரோடு வந்து விலை கேட்டால், ஆயிரங்களில் பேசவிருந்தவர் லட்சங்களில் பேசத் தொடங்குவார் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்தது. தரகரை முன்னிறுத்தி வாங்குவதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நியாயம் கிரயம் முடிந்த மறுகணம் வலுவிழக்கிறது. டெஸ்லா.காம் என்னும் பெயரை அடையப் பத்தாண்டுக்கு மேற்பட்ட முயற்சியும் 1 கோடியே 10 லட்சம் டாலரும் தேவைப்பட்டன என்று ஈலான் மஸ்க் 2018-இல் தாமே வெளியிட்டார். அதனால் டெஸ்லா கம்பெனிக்கு நேர்ந்த நஷ்டம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

இன்று நாம் அறிந்துள்ள விலைகள் பெரும்பாலும் தற்செயலாக வெளிவந்தவை. வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்கு விற்றது 2019-இல் உலகுக்குத் தெரிந்தது, விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி பங்குதாரருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட கம்பெனி என்பதால்; எஃப்பி.காம் பெயரை ஃபேஸ்புக் 85 லட்சம் டாலருக்குப் பெற்ற செய்தியோ, அதை விற்ற அமெரிக்க விவசாயிகளின் கூட்டமைப்பு 2011 ஜனவரியில் தன் ஆண்டு மகாநாட்டில் வரவு சொன்னபோது வெளிப்பட்டது. 2003 முதல் டொமைன் தொழில் இதழான டிஎன் ஜர்னலில் ரான் ஜாக்சன் தொகுத்துவந்த விற்பனைப் பட்டியலும் பிறர் மனமுவந்து அறிவித்தவற்றையே நம்பியது. இவ்வாறு பெரும் விலைகள் மட்டும் முரசறையப்பட்டு, சாதாரண விலைகள் மௌனத்தில் ஆழ்ந்துவிடுவதால், சுமார் பத்து டாலர் கட்டிப் பதிவு செய்த பெயருக்கு லட்சங்களை எதிர்பார்த்து ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருப்போர் பலர். மறுபுறம், மதிப்புள்ள பெயரை அற்ப விலைக்கு இழந்தவருக்குத் தாம் இழந்ததே தெரிவதில்லை.

இந்த மௌனத்தால் மெய்யாகவே லாபமடைபவர் யார் என்று கேட்டால், பல வேளைகளில் இடையில் நிற்பவர்தான் என்று, தரகர்கள் நிறைந்த சங்கமாயிருந்தும், சொல்லவே வேண்டியிருக்கிறது. விற்பவரிடம் ஒரு தொகைக்கு முடித்து, வாங்குபவரிடம் அதனினும் பெருந்தொகை பெற்று, இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை இரு தரப்பும் அறியாமல் வைத்துக்கொள்வதற்கு இரகசிய ஷரத்தைப் போன்ற அரண் வேறில்லை. தம் கூலி இன்னதென்று முன்கூட்டியே சொல்லும் தரகருக்கு விலை வெளிவருவதால் யாதொரு பாதகமும் இல்லை.

விலை தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடுமே என்னும் ஆட்சேபம் பாதி உண்மை. 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பின், தனிமனிதரின் பதிவு விவரங்கள் பொதுப் பார்வையிலிருந்து பெரிதும் மறைந்துவிட்டன; எனினும் அந்தப் பெயரில் தளம் திறந்ததும் உரிமையாளர் வெளிப்படத்தான் செய்வார். வெளியிடாத சரக்குக்காகப் பெயர் வாங்கிய கம்பெனியின் கவலை மதிக்கத்தக்கது. ஆகவே, கிரயம் முடிந்து ஓராண்டு கழிந்த பின், பெயர், தேதி, தொகை ஆகியவற்றை மட்டும், இரு தரப்பாரின் அடையாளமும் இன்றி வெளியிடுவதே தகுந்த முறை என்று கருதுகிறோம்.

கால வரம்பற்ற விலை இரகசிய ஷரத்தை இனித் தங்கள் ஒப்பந்தங்களில் எழுத வேண்டாம் என்று அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் வாங்கவோ விற்கவோ முற்படும் பொதுமக்கள், கையொப்பமிடுமுன், எதிர்த்தரப்பார் கொடுக்கும் அல்லது பெறும் முழுத்தொகை எவ்வளவு என்று தரகரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவாராக.