கணக்குக் காட்டும் கடமை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளை அது விரிவாகக் கூறுகிறது. 'வீரசோழன்' என்னும் பெயருடைய அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர் முதலியோருக்குரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் இடம்பெற்றுள்ளன.

ஓர் அறப்பணிக்கு எவையெவை வழங்கப்பட்டன என்பதை அக்கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. அங்கு வந்த நோயாளருள் எத்தனை பேர் நலம்பெற்றனர் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வது கொடை ஆவணத்தின் வேலையும் அன்று. ஆனால், இன்றைய நலத்திட்டங்களின் அறிக்கைகளும் பெரும்பாலும் கொடை ஆவணங்களாகவே நின்றுவிடுகின்றன. எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன, எவ்வளவு தொகை செலவாயிற்று என்பவற்றை அவை பட்டியலிடுகின்றன. பயன் விளைந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பாலியல் கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்கும் திட்டங்களில் அவ்வினாவைத் தவிர்ப்பது பெருந்தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சட்டமும் திட்டங்களும்

1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பாலியல் சுரண்டலிலிருந்து குழந்தையைக் காப்பது அரசின் கடமை என்றது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைவடையாத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இச்சட்டத்தின்படி குழந்தையே. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அதுவும் குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். அவ்வேளையில் காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் கூடாது. வழக்கு விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்.

சட்டத்தோடு திட்டங்களும் உள்ளன. 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இன்று நாடு முழுவதும் இயங்குகிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் செயற்படுகின்றன. சிற்றூர் அளவிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. 14417 என்னும் எண்ணும் மாணவர்க்கென உள்ளது. ஏற்பாடுகள் குறைவில்லை. அவை குழந்தையைச் சென்றடைகின்றனவா என்று அறிவதே மதிப்பீட்டின் பணி.

வெறும் பெட்டி சொல்வது என்ன?

ஒரு பள்ளியில் வைத்த பெட்டியில் ஓராண்டு முழுவதும் ஒரு கடிதமும் விழவில்லை என்போம். அதனைப் பாதுகாப்பின் அடையாளம் என்று கொள்வதா? எழுதினால் கையெழுத்தைக் கண்டறிந்துவிடுவார்களோ என்னும் அச்சத்தின் அடையாளம் என்று கொள்வதா? எண்ணிக்கை மட்டும் இதற்கு விடை தராது.

மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் அவ்வாய்வு நடத்தப்பெற்றது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பெரும்பாலோர் அதனை எவரிடமும் சொல்லவில்லை. கொடுமை இழைத்தோருள் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர், நம்பியவர். சொல்ல வேண்டிய இடத்திலேயே தீங்கு இருக்கும்போது, குழந்தையின் வாய் அடைபட்டுப்போவதில் வியப்பில்லை.

எனவே, புகார்கள் குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி என்னும் அளவுகோல் இத்துறைக்குப் பொருந்தாது. ஒரு திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் புகார்கள் பெருகினால், அதுவரை மறைந்திருந்த துயரம் வெளிவரத் தொடங்கியது என்றும் பொருள்படலாம். புகார் குறைவதையே வெற்றியாகப் பாராட்டினால், புகாரை மறைப்பவருக்கே பாராட்டுச் சேரும். பள்ளியின் நற்பெயர் கருதி, ஊரின் மானம் கருதி, குழந்தையின் சொல் அமுக்கப்படும்.

மதிப்பீடு கேட்க வேண்டியவை

நல்ல மதிப்பீடு, ஒரு குழந்தையின் சொல் செல்லும் வழியைத் தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்ந்து செல்லும். யாரிடம் சொல்ல வேண்டும் எனக் குழந்தைக்குத் தெரியுமா? சொன்னபோது கேட்டவர் நம்பினாரா? அச்சொல் உரியவரிடம் எத்தனை நாளில் சேர்ந்தது? மருத்துவமும் மனநல உதவியும் கிடைத்தனவா? ஒரே செய்தியைப் பலரிடம் பன்முறை சொல்ல நேர்ந்ததா? அக்குழந்தை மீண்டும் பள்ளிக்கு வந்ததா? இறுதி வினா மிக இன்றியமையாதது. வழக்கு வென்று, படிப்பை இழந்த குழந்தைக்குப் பாதுகாப்பு முழுமையாகக் கிட்டியதாகக் கூற இயலாது.

திட்டத்திற்கு வெளியே நிற்போர் யார் என்பதும் கேட்கத்தக்கது. பள்ளியில் உள்ள பெட்டி, பள்ளிக்கு வரும் குழந்தைக்கே பயன்படும். கல்குவாரிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வேலை தேடிவரும் குடும்பங்களின் குழந்தைகள் எந்தப் பெட்டியில் எழுதுவர்? மாற்றுத்திறன் குழந்தை தன் துன்பத்தை எவ்வாறு உணர்த்தும்? சிறுவர்க்கும் இக்கொடுமை நேரும் என்பதை ஊர் ஏற்கிறதா? எளிதில் எட்டக்கூடியவரை மட்டும் எண்ணி நிறைவடையும் மதிப்பீடு, மிகுதியும் இடருக்கு உள்ளானவரை விட்டுவிடுகிறது.

மதிப்பீட்டிற்கும் வரம்புண்டு. அறிக்கை எழுதுவதற்காகப் பாதிக்கப்பட்ட குழந்தையை மீண்டும் வினவுதல் முறையன்று. குழந்தையை அடையாளம் காட்டும் எச்செய்தியையும் வெளியிடுதல் கூடாது. பெயர் இல்லாவிடினும், ஊரும் வகுப்பும் தெரிந்தால் சிற்றூரில் எவரும் கண்டுகொள்வர். துன்பத்தைப் பற்றிக் கேளாமல், பள்ளியில் நம்பத்தக்க ஒருவர் உள்ளாரா, எந்த இடத்தில் அச்சம் தோன்றுகிறது என எல்லா மாணவரிடமும் பொதுவாகக் கேட்கலாம். அவ்விடைகளே திட்டத்தின் நிலையை உணர்த்திவிடும்.

"மதிப்பீட்டிற்குச் செலவிடும் பொருளையும் காலத்தையும் குழந்தைகளுக்கே செலவிடலாமே" என்பார் உளர். அவர்தம் கவலை நேர்மையானது. ஆனால், பயனற்ற ஏற்பாடு வீண்செலவோடு நிற்பதில்லை. காவல் இருக்கிறது என்னும் பொய்யான நம்பிக்கையையும் அது தருகிறது. துணிந்து ஒருமுறை சொல்லி, எந்த மறுமொழியும் பெறாத குழந்தை மறுமுறை வாய் திறப்பது அரிது. அத்தகைய ஏற்பாட்டைக் கண்டறிந்து திருத்துவதும் குழந்தைகளுக்குச் செய்யும் செலவே.

கணக்குக் காட்டாதவர்

இம்மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விளக்குகின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன. நிலவுடைமையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அன்று சபையில் இடமிருந்தது. அக்குறையை நாம் ஏற்க வேண்டியதில்லை. கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கடமையை ஏற்கலாம்.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட மண் இது. குழந்தைகளின் பாதுகாப்புக்கும் ஆண்டுதோறும் கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கணக்குக் கேட்கப்பட வேண்டும். குழு எத்தனை முறை கூடியது என்பதோடு, வந்த புகார்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதும், பெயரும் அடையாளமும் இன்றி, அங்கு வைக்கப்பட வேண்டும். மாணவர்களும் இவ்வினாவைக் கேட்கும் உரிமை உடையவர்கள். பதினோராம் வகுப்பில் பயில்வோருள் பெரும்பாலோர் இச்சட்டம் காக்கும் வயதினரே. கொடுமைக்கு ஆளானவர்மீது எப்பழியும் இல்லை. பழி முழுவதும் இழைத்தவருக்கே உரியது. இதனை ஒவ்வொரு குழந்தையும் ஐயமின்றி அறிந்து, அஞ்சாமல் சொல்லி, சொன்னதற்கு மறுமொழியும் பெறும் நிலையே இத்திட்டங்களின் வெற்றியை அளக்கும் கோல்.