கடைசிப் பனியும் கைக்கணக்கும்

முதலமடை மாந்தோப்புகளில் உழைக்கும் நம்மவர்களுக்கு, பருவத்தின் முதல் மாங்காய்க்கும் கடைசி மாங்காய்க்கும் உள்ள விலை வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருஷத் தொடக்கத்தில் வடநாட்டு லாரியில் ஏறும் முதல் பெட்டிக்கு இருக்கும் மவுசு, பருவம் முடியும்போது ஏறும் பெட்டிக்கு இருப்பதில்லை. மரம் என்னவோ அதே மரந்தான். கடைசியில் வாங்குகிறவனுக்கு வேண்டியதெல்லாம் சிறிது பொறுமையும், அழுகலைப் பார்த்து ஒதுக்கும் கண்ணுந்தான்.

பனிமலைச் சுற்றுலாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குல்மார்க்கிலும் அவுலியிலும் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். மார்ச் பிற்பகுதியிலிருந்து கூட்டம் கலையத் தொடங்கும், வாடகையும் இறங்கும். கொல்லங்கோட்டிலும் சிற்றூரிலும் பாலக்காட்டிலும் மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் தமிழ்க் குடும்பம் ஒன்று பனி பார்க்கப் போக வேண்டுமானால், இந்தக் கடைசிப் பருவமே ஏற்றது என்பது என் கருத்து. அதையும் சுற்றுலாக் கம்பெனியிடம் ஒப்படைக்காமல் தாமே திட்டமிட்டுப் போக வேண்டும்.

"நமக்கு எதற்கு இந்த ஆசை? பனிச்சறுக்கு பணக்காரர் பொழுதுபோக்கு அல்லவா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். நம்முடைய லீவு எல்லாம் எங்கே போகிறது? பொங்கலுக்கு ஊர், குலதெய்வத்துக்கு ஊர், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் ஊர். இவை கடமைகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறுகிறவர், தம் மனைவி மக்களுடன் போன தூரம் பழனிதான் என்று சொல்வது எளிமையின் பெருமையா? ஆயுளில் ஒருமுறையாவது, கடமைக்காக அல்லாமல் கண்குளிர ஒரு பிரயாணம் போகும் உரிமை உழைக்கும் குடும்பத்துக்கும் உண்டு.

முதலில் நாட்கணக்கு. குமாஸ்தாவுக்கு மார்ச் 31 வரை தலை நிமிர முடியாது. வருஷக் கணக்கு முடிக்க வேண்டும். கேரளப் பள்ளிகளோ மார்ச் கடைசியில் மூடி ஜூனில்தான் திறக்கின்றன. சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஏப்ரல் நடுவில் வருகின்றன. ஆக, ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களே தகப்பனாரின் லீவும் பிள்ளைகளின் விடுமுறையும் கூடும் காலம். தமிழகத்தில் இருக்கும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சை நேரம். கேரளத்தில் இருப்பதால் நமக்குக் கிடைத்த சிறு சலுகை இது.

பாலக்காடு வழியாக வாரம் ஒருமுறை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நம்மைக் காஷ்மீர வாசலான கட்ராவில் இறக்கிவிடும். மூன்று இரவுப் பிரயாணம். 2025 ஜூன் 6 அன்று செனாப் பாலம் திறக்கப்பட்டபின் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறது. நதிமட்டத்துக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில் போகும் அந்தப் பாலமே பார்க்க வேண்டிய காட்சி. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். போகவர ரயிலுக்கே ஒரு வாரம் ஆகும். தங்குவதற்கு ஐந்தாறு நாள் வைத்துக்கொண்டால் மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். அத்தனை நாள் கிடைக்காதவர்கள் தினந்தோறும் ஓடும் கேரளா எக்ஸ்பிரஸில் டில்லி போய், அங்கிருந்து பஸ்ஸில் மணாலி போகலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்க பிப்ரவரி தொடக்கத்திலேயே விழிப்பாக இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு நான்காண்டு காலத்தில் ஒருமுறை இந்தியாவில் எங்கும் சென்றுவரும் பயணச் சலுகை உண்டு. அதைக் காலாவதியாக விடாமல் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவருக்கு ஏப்ரலில் கைநிறைய வேலை இருக்கும். அந்த நாட்களை விட்டுவிட்டு வா என்று சொல்வது நியாயமாகாது. அவர் அறுப்பு முடிந்தபின் மே கடைசியில் போகலாம். மணாலிக்கு மேலே ரோஹ்தாங் கணவாயில் அப்போதும் பனியைப் பார்க்க முடியும். அங்கே செல்லும் வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

அடுத்தது பனிக்கணக்கு. இங்கேதான் அழுகலைப் பார்க்கும் கண் வேண்டும். மலிவாகக் கிடைப்பது நிச்சயமாகக் கிடைப்பதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளே வட இமயத்துக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. நம் ஊருக்கு இடவப்பாதி மழை பிந்துவதுபோல் அவையும் பிந்துகின்றன. சில வருஷம் ஏமாற்றியும் விடுகின்றன. 2023 பிப்ரவரியில் அவுலியில் நடக்கவிருந்த தேசியப் பனிச்சறுக்குப் போட்டி பனியில்லாமல் கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியும் பனி போதாமல் மார்ச் 9-க்குத் தள்ளிப்போயிற்று. போட்டி நடத்தும் அரசாங்கத்துக்கே கிட்டாத உத்தரவாதம் நமக்கு எப்படிக் கிட்டும்?

ஆகவே பனியை மட்டும் நம்பிப் போகலாகாது. ஏப்ரலில் ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் பூத்துக் குலுங்கும். தால் ஏரி இருக்கிறது. மொகலாயத் தோட்டங்கள் இருக்கின்றன. பனி பொய்த்தாலும் பிரயாணம் பொய்க்காதபடி திட்டம் இருக்க வேண்டும். முறையாகச் சறுக்கக் கற்க விரும்பும் இளைஞர்கள் ஏப்ரலுக்குக் காத்திராமல் மார்ச் நடுவுக்குள் போய்விட வேண்டும். குல்மார்க்கில் மத்திய அரசின் சுற்றுலாத் துறை நடத்தும் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது; குளிர்காலத்தில் வகுப்புகள் நடக்கும். ஏப்ரலில் போகும் குடும்பம், பனியைத் தொட்டுப் பார்த்து, மேலே பனி மிச்சமிருந்தால் பயிற்சியாளர் ஒருவரை வைத்து ஒருநாள் கால் வைத்துப் பழகி வரலாம் என்ற அளவில் ஆசையை நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசிப் பருவப் பனிக்கு ஒரு குணம் உண்டு. இரவில் இறுகும், காலையில் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறியதும் இளகும், பிற்பகலில் சேறாகிவிடும். கம்பெனிப் பஸ்ஸில் ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டு உச்சிவேளைக்கு வந்து சேருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சேறுதான். தாமே திட்டமிடுகிறவர் ஓரிரவு குல்மார்க்கிலோ அடிவாரத்துத் தங்மார்க்கிலோ தங்கினால் காலைப் பனி அவருக்குக் கிடைக்கும். மேலே போகும் கம்பிவட ஊர்திக்கு இணையவழியில் முன்பதிவு செய்ய வேண்டும். அது இரண்டு கட்டமாகப் போகிறது: முதலில் கொங்டூரி, பிறகு ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அபர்வத். காற்று பலமாக அடித்தால் மேல்கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எனவே ஒருநாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும்; காசு கொடுத்து வாங்கி வந்து இங்கே பரணில் போட வேண்டாம்.

எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. டிக்கெட் எடுக்குமுன்னும் புறப்படுமுன்னும் அரசின் அறிவிப்புகளைப் பார்த்து முடிவெடுங்கள்; மனம் ஒப்பவில்லையானால் இமாசலம் இருக்கிறது. குல்மார்க்கில் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் வழக்கமான பாதைக்கு வெளியே சறுக்கப் போன வெளிநாட்டினர் பனிச்சரிவில் மாண்டனர். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டலாகாது. இருதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே மலையேற வேண்டும். வெளிமாநிலத்துப் பிரீபெய்டு கைப்பேசி எண் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. மாதக் கட்டண இணைப்பு ஒன்றாவது குடும்பத்தில் இருக்கட்டும்.

இனிப் பணக்கணக்கு. நகையை அடகு வைத்துப் பனி பார்க்கப் போவது வேண்டாத வேலை. பனி உருகிவிடும், வட்டி உருகாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து இரண்டு வருஷச் சீட்டாகப் பணம் போட்டு, சேர்ந்தே போவது நல்லது. வண்டி வாடகை பங்காகும். அந்நிய ஊரில் ஒருவருக்கொருவர் துணையுமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கடைசிப் பருவத்தில் நமக்குக் கிடைக்கும் மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை. குல்மார்க்கில் மரச்சறுக்கு வண்டி இழுப்பவரும், மட்டக் குதிரை பிடிப்பவரும், பூட்ஸ் வாடகைக்கு விடுபவரும் பருவத்தை நம்பிப் பிழைப்பவர்கள். பனி உருக உருக அவர்களுடைய வருமானமும் உருகுகிறது. பருவக் கடைசியில் வியாபாரி வந்து, "விற்றால் விற்று, விட்டால் விடு" என்று அடிமாட்டு விலை கேட்கும்போது தோட்டக்காரர் முகமும் சுமை ஏற்றுகிறவர் முகமும் எப்படி வாடும் என்பதை நாம் அறிவோம். அந்த வியாபாரியாக நாம் அங்கே போய் நிற்கலாமா? லாட்ஜ் வாடகையில் பேரம் பேசுங்கள். அது முதலாளியின் கணக்கு. தோளில் கயிறு போட்டு இழுக்கிறவரிடம் கூலியை முதலிலேயே பேசி, பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள்.

2023-இல் இந்தியாவின் அழகிய கிராமங்கள் என்று ஊடகங்களில் பரவிய பட்டியலில் நம் கொல்லங்கோடும் இடம் பெற்றது. அதன்பின் நெல்லியாம்பதி மலையடிவாரத்து வயல்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். வரப்பை மிதிக்காமல், குப்பையைக் கையோடு எடுத்துச் சென்று, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசிப் போகிறவரை நமக்குப் பிடிக்கிறது. மற்றவரைப் பற்றி அவர் போனபிறகு பேசிக்கொள்கிறோம். குல்மார்க்கில் இருப்பவர்களும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஆசை பெரிதாக இருக்கட்டும்; கணக்கு கையில் இருக்கட்டும். பிப்ரவரி பிறந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷத்துக்குச் சீட்டுப் போடத் தொடங்குங்கள்.