மின்வளம்னா ஈ.பி. ஆபீஸ் சமாச்சாரமா?

போன வாரம் எங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன் ஃப்ரெண்ட்ஸ். நோட்டீஸ் போர்டுல பளிச்சுனு ஒரு தாள்: 'வாசகர்கள் மின்வளங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' பக்கத்துல நின்ன ஃபர்ஸ்ட் இயர் தம்பி அதைப் படிச்சுட்டு, "மின்வளம்னா என்னண்ணே, ஈ.பி. ஆபீஸ் சமாச்சாரமா?"ன்னு கேட்டான். சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா, தப்பு அவன் மேல இல்லை.

உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு உறை போட்டுத் தூங்குது. இன்னொண்ணுல ஒருத்தர் ஹால் டிக்கெட் எடுத்துட்டிருந்தார். நூலகர் அக்காகிட்ட கேட்டா, "யாரும் கேட்கறதில்லை தம்பி"ன்னாங்க. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பாஸ் கேட்கறதுக்கு?

என் ஃப்ரெண்டு ஒருத்தன், எம்.ஏ. தமிழ். யாரோ அனுப்பின பி.டி.எஃப்.பை வெச்சே ப்ராஜெக்ட் முடிச்சான். வைவாவுல, "இது எந்தப் பதிப்பு? எந்த வருஷம்?"னு ஒரே கேள்வி. முதல் நாலு பக்கமே இல்லாத ஃபைலுக்குப் பதிப்பு எது, வருஷம் எது? முழி முழின்னு முழிச்சிருக்கான்.

அவன் தேடினது தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல ஸ்கேன் பண்ணி, அட்டையோட, பதிப்பாளர் பேரோட கிடக்கு. பழைய பத்திரிகைகளும் இருக்கு. காசு கிடையாது. 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் வேற ரகம். அங்கே தன்னார்வலர்கள் இலக்கியங்களை எழுத்தாவே ஏத்தி வெச்சிருக்காங்க. அதனால சிலப்பதிகாரத்துல ஒரு சொல் எங்கெல்லாம் வருதுன்னு நிமிஷத்துல தேடிடலாம். ஸ்கேன் பக்கத்துல அந்த வித்தை பெரும்பாலும் நடக்காது. ஆக, தேடறதுக்கு இது, அடிக்குறிப்புக்கு அது. சயின்ஸ், இன்ஜினீயரிங் மக்களுக்கு ஐ.ஐ.டி. காரக்பூர் உருவாக்கின தேசிய மின்நூலகம் இருக்கு. சில லிங்க் சந்தா கேட்கும். மல்லுக்கட்டாம அடுத்ததுக்குத் தாவிடுங்க.

'இதை வீட்லயே பார்த்துக்கலாமே, நூலகம் எதுக்கு?'ங்கறீங்களா? டேட்டா தீர்ந்துபோன போன்ல, விரல் அகல ஸ்க்ரீன்ல 400 பக்கம் படிச்சுப் பாருங்க, தெரியும். அதோட, வீட்டுக்குச் சொத்து வரி கட்டறப்போ கூடவே 10 சதவிகிதம் நூலக வரியும் போகுது. 1948-ல வந்த பொது நூலகச் சட்டத்தோட ஏற்பாடு அது. அப்பா ஏற்கெனவே பில் கட்டிட்டார், நாமதான் சாப்பிடப் போகலை!

அக்காகிட்ட ஒரு ஐடியா சொன்னேன். போர்டுல ஒட்டினா யார் பார்க்கறா? சங்க இலக்கியம் அடுக்கின அலமாரியிலயே, 'இதன் பழைய பதிப்பு கம்ப்யூட்டரில் இருக்கு'ன்னு ஒரு க்யூ.ஆர். அட்டை வெச்சா, புத்தகம் தேடி வர்றவன் கண்ணுல தானா படும்ல? உங்க என்.எஸ்.எஸ். யூனிட்டுக்கு ஒரு சனிக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

நேத்து மறுபடி போனேன். போர்டுல பழைய தாளைக் காணோம். அந்தத் தம்பியோட கோழிக் கிறுக்கல்ல புதுசா ஒண்ணு: 'அந்தக் காலத்துப் புத்தகம் கம்ப்யூட்டர்ல படிக்கலாம். அக்காகிட்ட கேளுங்க.' ரெண்டாவது கம்ப்யூட்டரோட உறையையும் கழட்டியாச்சு.