சத்தத்துக்குக் காசு கொடுக்காதீங்க!

காலேஜில் சேர்ந்த பையனுக்குக் கடன் வாங்கியாவது ஒரு பைக் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். வண்டி வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது... "அப்பா, கம்பெனி சைலன்சர் நல்லாவேயில்லே. சவுண்டே வரலை. வேற மாத்தணும்!" என்று ஆரம்பிப்பான்.

அப்பாவுக்கு இது சீட் கவர் மாற்றுகிற மாதிரி ஓர் அலங்கார விஷயமாகத் தெரிகிறது. "சரி, தொலையட்டும்" என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அங்கேதான் கோளாறே ஆரம்பம். சைலன்சர் என்பது காதுக்கும் நுரையீரலுக்கும் போட்ட காவல். காவல்காரனைக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் டாக்டருக்கும் காசு கொடுப்பானேன்?

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

எஞ்சினில் பெட்ரோல் எரிந்து, புகை பெரும் அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளும் துளைக் குழாய்களும் அந்தச் சத்தத்தை அடக்குகின்றன. 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி தயாராகும் பெட்ரோல் வண்டிகளில் இன்னொரு சாதனமும் உண்டு. 'கேடலிடிக் கன்வர்ட்டர்' என்பார்கள். தேன்கூடு போலிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று விஷங்களையும் பெருமளவு குறைப்பது இதுதான். பல வண்டிகளில் இது எஞ்சினை ஒட்டிய குழாயிலேயே இருக்கிறது. 'பென்ட் பைப்'போடு முழு செட்டையும் மாற்றினால் இதுவும் கழன்று போய்விடும். அந்தப் புகை முதலில் போவது நம் வீட்டு வாசலுக்குத்தான். ஆஸ்துமா இருக்கிற குழந்தை அதே வாசலில்தான் விளையாடுகிறது.

கார் பிரியர்களும் விதிவிலக்கல்ல. வண்டியைத் தரையோடு தாழ்த்தி, 'ஹெடர்' என்ற புதுக் குழாய்களையும் மாட்டுகிறார்கள். நம்மூர் வேகத்தடைகளில் அடிக்குழாய் இடித்து இடித்து இணைப்பு விட்டுப்போனால், புகை காருக்குள்ளேயே கசியலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று வரும். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டிருப்பவர், "வெயில்ல வந்த தலைவலி" என்று நினைத்துக்கொள்வார்.

முதல் பலி யார்?

வண்டி ஓட்டுகிறவன்தான்! 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி... 100 டெசிபல் வந்துவிட்டால் கால் மணி நேரம்தான்!

உள்காதில், சத்தத்தை உணரும் மயிர்ச் செல்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. செத்த செல் மறுபடி முளைக்காது. மருந்து, மாத்திரை, எண்ணெய் எதுவும் உதவாது. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் வெகு நாள் வரை எதுவும் தெரியாது. அம்மா கூப்பிட்டால் "என்னது?" என்று இரண்டு தரம் கேட்பான். டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். ராத்திரி படுத்தால் காதில் 'கொய்ங்' என்று ரீங்காரம் கேட்கும். இதையெல்லாம் "அலட்சியம், திமிர்" என்று திட்டாமல், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்த பலி, அக்கம்பக்கம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. நடுராத்திரி ஒரு பைக் தெருவைக் கிழித்துக்கொண்டு போனால், கைக்குழந்தை வீறிட்டு எழும். இதய நோயாளித் தாத்தாவின் தூக்கம் போகும், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். போக்குவரத்து இரைச்சலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

"சத்தம் இருந்தாதான் லாரிக்காரன் ஒதுங்குவான். அது பாதுகாப்புப்பா!" என்பான் பையன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாயின் வாய் பின்பக்கம் அல்லவா இருக்கிறது? முன்னால் போகிற லாரிக்காரருக்கு அந்தச் சத்தம் கடைசியாகத்தான் எட்டும். பாதுகாப்பு வேண்டுமானால் நல்ல ஹெல்மெட் இருக்கிறது, பிரேக் இருக்கிறது.

போலீஸ் பிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, சத்தம் மற்றும் புகை வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். மூன்று மாதம் லைசென்சும் போகும். ஆனாலும் தெருவுக்குத் தெரு போலீஸ் நிற்க முடியாது. பர்ஸ் இருப்பது நம் கையில். போலீசுக்கு முன்னால் 'முடியாது' என்று சொல்லக்கூடியவர்கள் அப்பாவும் அம்மாவும்தான்.

ஏற்கெனவே மாற்றியாகிவிட்டதா? கழற்றிய கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் பரணில்தான் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை இறக்கி, தூசி தட்டி, மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். பையன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை... நாற்பது வயதில் அவன் குழந்தை மெல்லக் கூப்பிடும்போது, அவன் காதில் விழ வேண்டுமே!