கணக்கைத் திருத்தினால் மெஷின் திருந்துமா?

கோவையில் என்னைப் போல் பட்டறையிலும் டூல் ரூமிலும் காலம் தள்ளிய சிலர், ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இராமல் வீட்டு மாடியில் ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டரை வாங்கி வைத்திருக்கிறார்கள். மரத்தில் பெயர்ப்பலகை, பேரனுக்குப் பொம்மை, சிலர் அலுமினியத்தில் சின்னச் சின்ன பார்ட். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அளவு கொஞ்சம் தவறினால் அவர்களுக்குச் சொல்லப்படுகிற வைத்தியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், ஸ்டெப்ஸ் பெர் எம்எம்மை மாத்திப் போடுங்க, சரியாப் போயிடும்." விற்றவரும் இதைத்தான் சொல்கிறார், வீடியோ போடுகிறவரும் இதைத்தான் சொல்கிறார்.

அந்த எண் குத்துமதிப்பாகப் போட்டதல்ல. சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் 3200 பல்ஸ். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்றால் மி.மீ.க்கு 400, 5 மி.மீ. பால் ஸ்க்ரூ என்றால் 640. வெறும் வகுத்தல் கணக்கு. மோட்டாரும் ஸ்க்ரூவும் அப்படியே இருக்க, விடை மட்டும் எப்படி மாறும்?

100 மி.மீ. நகரச் சொன்னால் 99.8 தான் வருகிறது என்று வையுங்கள். உடனே 400-ஐ 400.8 ஆக்கச் சொல்வார்கள். அந்த 0.2 ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள பேக்லாஷ் என்றால் என்ன ஆகும்? 100 சரியாக வரும். 50 கேட்டால் 49.9. 200 கேட்டால் 200.2. ஒரே பக்கமாகப் போகும்போது, இதுவரை சரியாக இருந்த 200 கூட 200.4 ஆகிவிடும். இருந்த கோளாறு அப்படியே இருக்க, இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்.

லேத் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிராஸ் ஸ்லைடு கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால், நன்றாகப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் வந்துதானே டயலைப் பிடிப்போம்? வீட்டு மெஷினிலும் இருப்பது அதே ஸ்க்ரூவும் நட்டும்தான். கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆகவே முதலில் மேக்னெட்டிக் பேஸில் ஒரு டயல் கேஜை நிறுத்துங்கள். ஒரே திசையில் 1 மி.மீ. வீதம் ஐந்தாறு தடவை நகர்த்துங்கள். பிறகு திருப்பி அதே போல் வாருங்கள். திரும்பிய முதல் நகர்வு மட்டும் குறைந்து, மற்றவை சரியாக இருந்தால் அது பேக்லாஷ். வட்டம் வெட்டினால் நான்கு பக்கமும் லேசாகத் தட்டையாவதும் இதனால்தான். ஸ்க்ரூவைக் கையால் முன்பின் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் பேரிங் பக்கம் போங்கள், நட்டைக் குறை சொல்லாதீர்கள்.

போய்த் திரும்பினால் பூஜ்யத்துக்கு வராமல், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு தவறினால் அது வேறு வியாதி. ஒன்று மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது: வேகத்தைக் குறையுங்கள், ஆக்சிலரேஷனைக் குறையுங்கள், ஸ்லைடில் எங்காவது இறுக்கம் இருக்கிறதா பாருங்கள். அல்லது கப்ளிங் ஷாஃப்டில் வழுக்குகிறது. நண்பர் ஒருவரிடம் எண்ணை மூன்று முறை மாற்றச் சொல்லிவிட்டு, கடைசியில் கன்ட்ரோலர் போர்டே போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். அவர் மெஷினையே விற்றுவிடுவதாக இருந்தார். போய்ப் பார்த்தால் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ லூஸ். உருண்டை ஷாஃப்டில் அரத்தால் ஒரு ஃப்ளாட் எடுத்து அதன்மேல் இறுக்கினோம். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இன்னொன்றும் உண்டு. திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் துளித்துளியாக நகர்ந்துகொண்டே போகும். டிரைவருக்குப் போகும் பல்ஸ் சிக்னல் தலைகீழாக இருந்தால் இப்படி வரும். 640 ஸ்டெப் மெஷினில் திசை மாறும்போது ஒரு ஸ்டெப் போனால் வெறும் 0.0016 மி.மீ. ஆயிரம் தடவை திரும்பினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல்! கோலம் போல் வளைந்து வளைந்து வெட்டும் வேலையில் ஆயிரம் திருப்பம் சாதாரணம்.

எண்ணைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே திசையில் 200, 300 மி.மீ. அளந்து, தூரத்துக்கு ஏற்ற விகிதத்தில் பிழை வளர்ந்தால் ஸ்க்ரூவின் லீடே அப்படி என்று அர்த்தம். அப்போது தாராளமாக மாற்றலாம். ஆனால் 0.02 வரை தானே தவறக்கூடிய டிஜிட்டல் வெர்னியரை வைத்து, 20 மி.மீ. துண்டை அளந்துவிட்டு, மூன்றாம் தசமத்தைத் திருத்துகிறார்களே, அதை என்னவென்று சொல்வது?

"சாஃப்ட்வேரில் பேக்லாஷ் காம்பன்சேஷன் இருக்கிறதே" என்பார்கள். மாக்3-இல் உண்டு, லினக்ஸ்சிஎன்சி-யில் உண்டு. திரும்பும்போது கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும், சரி. கட்டர் வேலையைக் கவ்வி டேபிளைத் தன் பக்கம் இழுக்கும்போது அந்த 0.2 இடைவெளிக்குள் டேபிள் குதிக்கும். அதை எந்த சாஃப்ட்வேர் பிடித்து நிறுத்தும்?