உயிருக்குத் தராசு பிடிக்கும் கனவான்கள்

எந்த உயிர் வாழத் தகுந்தது, எது தகாதது? மெத்தப் படித்த கனவான்கள் சிலர் இதற்குத் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர் 1979-ல் ஒரு நூல் எழுதினார். உலகில் இன்பம் பெருக வேண்டும், துன்பம் குறைய வேண்டும், அதுவே தர்மம் என்றார். கேட்க இனிக்கிறது. முடிவு என்ன? கடும் ஊனத்தோடு பிறந்த சிசுவின் உயிரை, பெற்றோர் விரும்பினால் முடித்துவிட அனுமதிக்கலாமாம்!

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடாதீர்கள். 2020-ல் கொரோனா பரவியபோது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. மூளை வளர்ச்சி மிகக் குறைந்தவர்கள் வென்டிலேட்டருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்றது அது. ஊனமுற்றோர் தரப்பில் புகார் கிளம்பிய பிறகே அந்த விதியைக் கைவிட்டார்கள்.

இந்தத் தராசு நமக்குப் புதிதா? தோல் தொழிற்சாலையிலும் மில்லிலும் மெஷினில் அடிபட்டவர்களுக்கு 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம் கணக்கு வகுத்தது: கட்டைவிரல் போனால் 30 சதவிகிதம், ஒரு கை போனால் 60 சதவிகிதம். அது சம்பாதிக்கும் சக்தியின் நஷ்டத்துக்குப் போட்ட கணக்கு. முதலாளி கொடுக்க வேண்டிய பாக்கிக்குக் கணக்கு வேண்டும். அதில் ஒரு காசும் விடமாட்டோம். ஆனால் கை போனவன் 60 சதவிகிதம் குறைந்த மனிதன் என்று யார் சொன்னது? கூலிக்குப் போட்ட கணக்கை உயிருக்கும் போடுவதுதான் இந்தக் கனவான்களின் வேலை!

ஊனமுற்றவன் வாழ்வில் துன்பம்தானே மிச்சம் என்பவர்கள் வேலூருக்கு வரட்டும். சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் சிக்கிக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஊனமுற்றோர் மறுவாழ்வுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். அவர் பயன்பட்டார் என்பதாலா வாழும் உரிமை வந்தது? இல்லை! ஒரு வேலையும் செய்யாமல் படுக்கையிலேயே கிடந்திருந்தாலும் அதே உரிமைதான். தன் வாழ்வு எப்படிப்பட்டது என்று வாழ்கிறவர் சொல்ல வேண்டும், தராசுக்காரன் அல்ல.

துன்பத்தைக் குறைக்க வேண்டுமா? ஏற முடியாத பஸ்ஸை மாற்றுங்கள். மறுக்கப்படும் வேலையைக் கொடுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமத்துவம் என்கிறது, சிகிச்சையில் முன்னுரிமை என்கிறது, அரசு வேலையில் 4 சதவிகிதம் என்கிறது. அதை அமலாக்குங்கள்!

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் ஊனமுற்றோர் மனுவோடு நிற்கும்போது, மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் பக்கத்தில் நிற்க வேண்டும். இது தர்மம் செய்வதல்ல, தோழர்களே! மெஷினும் முதுமையும் நம்மில் யாரையும் விட்டுவைப்பதில்லை. இன்று அவர்களை நிறுக்கும் தராசு நாளை நம்மையும் நிறுக்கும். அதை இன்றே முறிப்போம்!