மலையில் எரிந்தது கடலில் கரையும்

சென்ற வாரம் என் பேத்தி பூகோளப் பரீட்சைக்காக வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மலைக்குப் பழுப்பு, கடலுக்கு நீலம். "மலையில் தீப்பிடித்தால் கடலுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அது பாடத்தில் இல்லை, தாத்தா" என்று முடித்துவிட்டாள்.

கலிபோர்னியாவில் அது மாணவர்களின் பாடமாகிவிட்டது. 2018 நவம்பரில் மாலிபு மலைப்பகுதியில் 'வுல்சி' காட்டுத்தீ சுமார் 97,000 ஏக்கரை எரித்தது. வெந்த மண் மழைநீரை எளிதில் உறிஞ்சாது. மழை வந்ததும் சாம்பலும் சேறும் ஓடை வழியே கடலில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இடம்பெற்ற ஆய்வுக்குழு, செயற்கைக்கோள் படங்களில் கடலின் கலங்கலை அளந்து, கரையோர நீர்ச் சோதனைகளோடு ஒப்பிட்டது. தீக்குப்பின் கலங்கலும் பாக்டீரியாவும் கூடியிருந்ததை 2022-இல் வெளியிட்டது.

"நமக்கென்ன?" என்று கோவாவில் வாழும் நாம் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் நம் மாதேய் சரணாலயம் தீப்பற்றி எரிந்தது. கர்நாடகத்தில் மகதாயி எனப்படும் அந்த ஆறுதான் மாண்டவியாகி, பனாஜி அருகே கடலில் கலக்கிறது. அந்த ஜூன் மழையில் ஆறு எதைக் கொண்டுவந்தது என்று நம் பிள்ளைகளில் யாராவது பார்த்தார்களா? அந்த மீனைத்தானே நாம் உண்கிறோம்!

வசதியில்லை என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசமே. அவற்றில் பத்து மீட்டர் அளவுள்ள இடம்கூட ஒரு புள்ளியாகத் தெரியும். பழைய ஆண்டுகளின் படங்களும் கிடைக்கும். இங்கே செம்மண் ஆயிற்றே, தீ இல்லாத ஆண்டிலும் மழைக்கு ஆறு சிவக்கும். ஆகவே பல ஆண்டுகளை ஒப்பிட்டால்தான் உண்மை புரியும்.

ஆனால், படம் மட்டும் போதாது. பருவமழையில் மேகம் மறைக்கும். வானிலிருந்து கலங்கல் தெரியும், கிருமி தெரியாது. பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, பெரியவர்கள் துணையோடு படகுத்துறைக்குப் போய்ப் பாட்டிலில் நீர் எடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.

நம் சங்கம் கோடை விடுமுறையில் இதற்கொரு வகுப்பு நடத்தலாம். ஆண்டு விழாவில் நாட்டியமும் பேச்சுப் போட்டியும் இருக்கட்டும். மண்டப வாசலில் ஒரு மேசையில் நம் பிள்ளைகள் தயாரித்த மாண்டவி வரைபடமும் இருக்கட்டும். பாட்டில் செலவு என்னுடையது. முதல் மாணவியாக என் பேத்தியை அனுப்புகிறேன்.